அஞ்சலையை நான் கொல்லவில்லை

நான் யாரையும் கொன்றதில்லை. ஒரு கௌரவமான மனிதன் தன் கதையை இப்படி ஆரம்பிக்க வேண்டிய நிலைமை வரக்கூடாது. எனக்கு வந்திருக்கிறது. பெயர் சரவணன். ஜூரோங்கில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். ஒழுங்காக வரி கட்டுகிறேன். கரப்பான்பூச்சியைக்கூட துடைப்பத்தால் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விடுகிறவன். ஆனாலும் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும், முன்பின் தெரியாத ஓர் அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "இந்தத் தம்பிதானா?" என்று கேட்கிறார். அவரும் தலையாட்டுகிறார். (கூடவே ஒரு பெருமூச்சு வேறு.)

நடந்தது என்ன என்பதை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து வயதில் எனக்கு உலகம் செய்யும் பைத்தியம் பிடித்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடமாக அந்தக் கதைக்குள் புகுந்து, "நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன்" என்று வாயாலேயே வாழ்வார்கள். செய்ய நினைத்தது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் வெற்றி. ஒன்று விழுந்தால் அதோகதி. சிலருக்கு ஒரு கதை ஒரே மாலையில் முடிந்துவிடும். எங்களுடையது ஆறு வருடம், சனிக்கிழமை தவறாமல் ஓடியது.

மற்றவர்கள் கடையில் தயாராக விற்கும் உலகங்களை வாங்கி ஆடுவார்கள். நான் வாங்குவேனா? சொந்தமாகச் செய்தேன். உப்புக்கடல் நாடு என்று பெயர். பதினோரு தீவுகள். ஒவ்வொரு தீவுக்கும் மண்ணின் நிறம், காற்றடிக்கும் திசை, அரச பரம்பரை, துக்கத்துக்கு என்ன நிறம் உடுத்துவார்கள் என்பது வரை யோசித்து வைத்திருந்தேன். ஜூரோங்கிலிருந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போதெல்லாம் அலை ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்குப் போடுவேன். அந்த நாட்டுக்கு இரண்டு நிலா என்பதால் கணக்கு கொஞ்சம் சிக்கல்.

இவ்வளவும் செய்தவனுக்கு என்ன எதிர்பார்ப்பு இருக்கும்? யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள் என்றுதானே? முதல் நாள், முதல் தீவில் கப்பல் கரைசேர்ந்தது. மூடுபனியையும் இடிந்த கோட்டையையும் கால் மணி நேரம் செந்தமிழில் வருணித்து முடித்து, "மாலுமிகளே, இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"இங்க சாப்பிட என்ன நல்லா இருக்கும்?" என்றான் முரளி.

"எந்தக் கடையில க்யூ நீளமா இருக்குன்னு பாருடா. அங்கயே நிப்போம் லா" என்றான் ஷாகுல்.

ஆறு வருடமும் இப்படித்தான் போயிற்று. பதினோரு தீவுகளிலும் அவர்கள் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். கோட்டையை இடித்தது யார் என்று இன்றுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆட்டம் நடந்த இடம் ஷாகுலின் அப்பா கடை மாடி. தேக்கா சந்தைக்கு எதிர்ச் சந்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை. மாடியில் குடங்களையும் அண்டாக்களையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு ஒரு மேசை போட்டிருந்தோம். பகடை உருண்டு அண்டாக்களுக்கு நடுவே ஓடிவிடுகிறது என்று ஷாகுல் கடையிலிருந்தே ஒரு பெரிய தாம்பாளத்தைக் கொண்டு வந்து வைத்தான். அதற்குள்தான் உருட்ட வேண்டும். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

முரளி நிஜத்தில் பஸ் ஓட்டுகிறவன். இங்கே அவர்களைப் பஸ் கேப்டன் என்பார்கள். மஞ்சள் விளக்கு தெரிந்தாலே நிறுத்திவிடும் மகா ஒழுங்கான ஓட்டுநர். அந்த ஒழுக்கத்துக்கெல்லாம் சேர்த்து வைத்து ஆட்டத்தில் பழிதீர்த்துக்கொள்வான். ஆட்டத்தில் அவன் அஞ்சலை. ஒற்றைக் கண், இடுப்பில் அரிவாள், யாருக்கும் அடங்காத கப்பல் தலைவி. நடக்க வேண்டிய இடத்தில் குதிப்பாள், குதிக்கக் கூடாத இடத்தில் இரண்டு தடவை குதிப்பாள்.

நான்காவது ஆள் முரளியின் தங்கை தேவிகா. பல் மருத்துவரிடம் உதவியாளர். ஆட்டத்தில் கொள்ளைக்காரி. அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

ஆட்டம் தொடங்கிய முதல் வருடத்தில் ஒரு நாள் முரளியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'அஞ்சலைக்கு என்ன நட்சத்திரம்?' என்று கேட்டிருந்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் ஒருவன் என் உலகத்துக்குள் அக்கறையோடு எட்டிப் பார்க்கிறான். வேலையை அப்படியே போட்டுவிட்டுப் பதில் அனுப்பினேன். 'கேட்டை. விருச்சிக ராசி. புயலன்று பிறந்தவள்.' (இரண்டு நிலா உள்ள நாட்டில் நட்சத்திரம் எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.) 'சரி' என்று ஒரே ஒரு சொல் பதில் வந்தது. அந்த 'சரி'யை நான் எத்தனையோ நாள் எடுத்து எடுத்துப் படித்திருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஆறாவது வருடத்துக்குள் நானும் தேவிகாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். அவளுடைய கொள்ளைக்காரி என் அரண்மனைகளை எல்லாம் சூறையாடிக்கொண்டிருந்த வேகத்தைப் பார்த்தே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. வீட்டில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதற்கும் தேவிகா வழி வைத்திருந்தாள்.

"அம்மா அண்ணன் சொன்னாத்தான் கேப்பாங்க. அண்ணன்கிட்ட நீ பேசு. அவன் நல்ல மூட்ல இருக்கணும். இந்த ஒரு மாசம் அவனைச் சந்தோஷமா வச்சுக்கோ. ஒரே ஒரு மாசம். முடியுமா?"

"இதென்ன பெரிய விஷயம்?" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை அஞ்சலை செத்துப்போனாள்.

தயவுசெய்து நடந்ததை நன்றாகக் கவனியுங்கள். இரண்டு கப்பல்கள் பக்கத்துப் பக்கத்தில் மோதி நிற்கின்றன. நடுவே பலகை போட்டிருக்கிறது. பலகை மேல் நடந்து போகலாம் என்று நானே சொன்னேன். ஷாகுல் நடந்தான். தேவிகா நடந்தாள். முரளி மட்டும் பாய்மரத்தின் உச்சியிலிருந்து எதிரிக் கப்பலுக்குத் தாவுவேன் என்றான்.

"பலகை இருக்குடா" என்றேன்.

"அஞ்சலை பலகையில நடக்க மாட்டா."

"சரி, உருட்டு. ஒண்ணு மட்டும் விழாம இருந்தாப் போதும்."

டங். ஒன்று.

அப்போதாவது நான் சுருக்கமாக முடித்திருக்கலாம். ஆனால் அந்த வயதில் எனக்கு ஒரு மரணக் காட்சி கிடைத்தால் விட மாட்டேன். கால் வழுக்கியதிலிருந்து இரண்டு கப்பல்களுக்கு நடுவே நீர் மூடிக்கொண்டது வரை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். முரளியின் கண் கலங்கியது. "இன்னொரு தடவை உருட்டட்டுமாடா?" என்று கேட்டான். மேசைக்கு அடியில் தேவிகா என் காலை மிதித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "பகடை பேசிவிட்டது" என்றேன். அப்படியே சொன்னேன், அட்சரம் பிசகாமல், அந்தக் குரலிலேயே. தொழிற்சாலையில் மயிரிழை பிசகிய உதிரிபாகத்தை ஒதுக்கி வைக்கிறவன், இங்கே மட்டும் வளைந்து கொடுப்பேனா?

முரளி பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். தேவிகா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டு வர முடியாது.

சமாதானம் செய்ய வேண்டுமே. அடுத்த சனிக்கிழமை கதைக்குள் அஞ்சலைக்கு ஒரு பெரிய இறுதிச் சடங்கு நடத்துவது என்று முடிவு செய்து குழுவில் செய்தி போட்டேன். முரளி 'வரேன்' என்றான். அதுவே பெரிய விஷயம். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. அன்று சீக்கிரமே வந்து மேசை மேல் வெள்ளைத் துணி விரித்தேன். எப்போதோ தேவிகா வரைந்து கொடுத்த அஞ்சலையின் படத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினேன். தேக்கா பூக்கடையில் மல்லிகைச் சரம் வாங்கி அதற்கு மாலையாகப் போட்டேன். ஒரு பேட்டரி அகல் விளக்கு. பக்கத்தில் தாம்பாளமும் பகடையும்.

காலையில் தேவிகா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். 'அண்ணனை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அம்மாகிட்ட நானே பேசலாமான்னு பார்க்கிறேன்.' அந்த வரி மனதில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் முரளியின் அம்மா. பின்னால் அவருடைய அக்காவும் தங்கையும். தீபாவளிக்குப் போய் முறுக்குச் சாப்பிட்ட அளவில் எனக்கு அவர்களைத் தெரியும். வீட்டில் எல்லாரும் ஜூரோங் பெரியம்மா, காத்தோங் சின்னம்மா என்பார்கள்.

தேவிகா பேசிவிட்டாள், மாப்பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. வேறென்ன படும்? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூவரும் வெளிறிய நிறத்தில் புடவை, தலையில் பூ இல்லை. எளிமையான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

"வாங்கம்மா, வாங்க, வாங்க. உட்காருங்க" என்று பல்லெல்லாம் தெரிய வரவேற்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்க வீட்டில் வருகிறவர்களை 'வாங்க' என்று சொல்லக் கூடாது, போகிறவர்கள் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இது துக்க வீடு என்பதுதான் தெரியாது.

முரளியின் அம்மா மாலை போட்ட படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படிப்பா ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறார். வருங்கால மருமகனின் ஈடுபாடு என்ன, திறமை என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார். எவ்வளவு நாகரிகமான மனுஷி. எனக்கு நெஞ்சு நிறைந்தது.

"கப்பல்லேர்ந்து இன்னொரு கப்பலுக்குத் தாவினாம்மா. கால் வழுக்கிடுச்சு."

"கப்பல்லயா வேலை?"

"கேப்டன்மா. ஒரு கப்பலே அவளோட கண்ட்ரோல்."

அவர் தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் துயரத்திலும் முகத்தில் ஒரு பெருமை வந்து போயிற்று. "முரளி சொல்லவே இல்லை பாரு."

ஜூரோங் பெரியம்மாவின் கணவர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பெல்ட்டு போடலையா?" என்று பெரியம்மா கேட்டார். "எங்க வீட்டுக்காரரு இருந்த யார்டுல பெல்ட்டு இல்லாம ஏணியில கால் வைக்க விட மாட்டாங்க."

"அங்கெல்லாம் பெல்ட் கிடையாதுங்க."

"எந்த ஊரு?"

"கருமுனைன்னு பேரு. தீவு."

"மலேசியாவா?"

"இல்லைங்க. இன்னும் கிழக்கால."

"இந்தோனேசியா பக்கமா இருக்கும்" என்றார் காத்தோங் சின்னம்மா. "அங்க ரூல்ஸ் சரியா இருக்காது."

சின்னம்மா படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணுல என்ன கட்டு? ஆபரேஷனா?"

"சின்ன வயசுல கடல்கழுகு கொத்திடுச்சுங்க."

"ஐயோ பாவம்" என்றார்கள் மூவரும் ஒரே நேரத்தில்.

ஆறு வருடத்தில் யாரும் கேட்காததை எல்லாம் அந்த மூன்று பேரும் கேட்டார்கள். எனக்குப் புல்லரித்தது. கேட்கக் கேட்கச் சொன்னேன். அப்பா கடலில் போனது, அம்மா கருவாடு காயவைத்துப் பிள்ளையை வளர்த்தது, அஞ்சலைக்குப் புளிச்சோறு என்றால் உயிர் என்பது எல்லாம் சொன்னேன். முரளியின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். என் கதையின் பலத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

"அந்தக் கருவாட்டுக்கார அம்மாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்.

நான் அசந்துபோனேன். அஞ்சலையின் அம்மாவை நான்தான் உருவாக்கினேன். மகள் செத்ததும் அவளுக்கு யார் சொல்வது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நல்ல கேள்விம்மா" என்றேன். "அதை நான் யோசிக்கவே இல்லை."

மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"உடம்பாவது கிடைச்சுதா?" என்றார் பெரியம்மா.

"அது அடுத்த சனிக்கிழமை தெரியும்" என்றேன் உற்சாகமாக.

இந்த இடத்தில் முரளி மேலே வந்தான். வேலை முடிந்து சீருடையோடு வந்தவன், அம்மாவையும் பெரியம்மாவையும் சின்னம்மாவையும் மாலை போட்ட படத்தையும் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றுவிட்டான். அவனுடைய அம்மா எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உனக்கு இப்படியா ஆகணும்?" என்று விசும்பினார்.

அந்த நொடியில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். என்ன செய்தான் தெரியுமா? அம்மாவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், ஒரு வாரமாக உள்ளே இருந்த கோபமெல்லாம் சேர்ந்து என்னை நோக்கிக் கையை நீட்டினான்.

"இவன்தாம்மா காரணம். ஒரே ஒரு சான்ஸ் கேட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டான்."

எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த மாப்பிள்ளை பார்க்கும் நிகழ்ச்சியை வேண்டுமென்றே கெடுக்கிறான். "பகடையில ஒண்ணு விழுந்துச்சு. நான் என்னடா பண்றது?" என்று கத்தினேன்.

சின்னம்மா தாம்பாளத்தில் கிடந்த பகடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பொம்பளப்புள்ள உசிரை வச்சுப் பகடையா ஆடினீங்க?"

"அதுதாங்க விதிமுறை. ஆரம்பத்துலயே எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

"அந்தப் பொண்ணுமா?"

"அவளை எப்படிங்க கேக்க முடியும்?"

இதைச் சொல்லி முடித்தபோதுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது. மூன்று பெண்மணிகளின் முகம், வெள்ளைத் துணி, மாலை, பூ வைக்காத தலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மண்டைக்குள் இறங்கின. என் மானம் கப்பலேறிவிட்டது, அதுவும் பலகை போடாமலே.

நல்லவேளை, தேவிகா வந்தாள். முர்தபா ரொட்டிப் பொட்டலங்களோடு ஏறி வந்தவள் எல்லாரையும் பார்த்துவிட்டு, "யாரு செத்துட்டாங்க?" என்றாள்.

"அஞ்சலைம்மா. உங்க அண்ணன் கட்டிக்க இருந்த பொண்ணு" என்றார் அவள் அம்மா. "நீ கேலி பண்ணுவேன்னு உங்கிட்ட அவன் சொல்லலை."

தேவிகா பொட்டலங்களைக் கீழே வைத்தாள். "அம்மா. அஞ்சலைன்னு யாரும் இல்லை. இது கேம். சனிக்கிழமை நாங்க ஆடுற கேம். அண்ணன் ஒரு பொம்பள வேஷத்துல ஆடுறான், அதுக்குப் பேரு அஞ்சலை. அந்தப் படத்தை வரைஞ்சதே நான்தான்."

பிறகு முரளியைப் பிடித்து உலுக்கியதில் எல்லாம் வெளியே வந்தது. வருடக்கணக்காக வீட்டில் பெண் பார்க்கிறேன், பெண் பார்க்கிறேன் என்று அம்மா நச்சரித்திருக்கிறார். ஒரு நாள் அவன் தொலைபேசியில் ஷாகுலிடம் "அஞ்சலை இல்லாம ஆடவே முடியாதுடா" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. "யாருப்பா அஞ்சலை?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறார். இந்த மகானுபாவன் 'ஆமாம்மா, ஒருத்தி இருக்கா, கொஞ்சம் டைம் குடுங்க' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆறு வருடம். போன வாரம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனை அம்மா கேட்க, 'அஞ்சலை போயிட்டா' என்று அழுதிருக்கிறான். அழுகை உண்மை. (அதுதான் இன்னும் கொடுமை.) அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு 'எல்லாமே சரவணன்தான், வர்ற சனிக்கிழமை ஷாகுல் கடை மாடியில காரியம் பண்றான்' என்று சொல்லி வைத்திருக்கிறான். துக்கத்தைத் தொலைபேசியில் விசாரிக்கும் குடும்பமா அது? நேரில் வந்துவிட்டார்கள்.

முரளியின் அம்மா யாரையும் திட்டவில்லை. "அப்போ கேட்டை நட்சத்திரம்னு சொன்னியே?" என்று மட்டும் மகனைக் கேட்டார்.

முரளி என்னைப் பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"கேட்டை மூத்தவனுக்கு ஆகாதும்பாங்க. முரளிக்கு மூத்தவன் யாரும் இல்லை, பரவாயில்லைன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார் அவர். "மாசா மாசம் சிலோன் ரோடு கோயில்ல அவ பேருக்கு அர்ச்சனை பண்றேன். ஒரு புடவைகூட எடுத்து வச்சிருக்கேன், பச்சைக் கலர்ல."

சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். செத்தவளுக்கு அழுததைவிட, இல்லாதவளுக்கு அவர் அழுதது பார்க்கச் சகிக்கவில்லை. அந்தத் தாம்பாளத்தாலேயே முரளியின் மண்டையில் ஒன்று போடலாம் போல எனக்குக் கை துடித்தது. நான் கண்விழித்துச் செய்த பெண்ணை ஒரு கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் பின்னால் ஒளிந்திருக்கிறான். பழி மட்டும் எனக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்தார். "நீதான் இதையெல்லாம் யோசிச்சுச் சொல்றவனா?"

"ஆமாம்மா."

"அப்ப நீ நினைச்சா அவ திரும்பி வருவா."

முரளியின் கண்ணில் ஒளி வந்தது. தேவிகா எனக்கு நேரே நின்றுகொண்டு, 'சரின்னு சொல்லு, சரின்னு சொல்லித் தொலை' என்று முகத்தாலேயே சொன்னாள். என் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

"முடியாதும்மா" என்றேன்.

தேவிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் நினைச்சதும் அவ வந்துட்டா, இத்தனை நாள் அவ வாழ்ந்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்மா. நீங்க அழுததுக்கும் அர்த்தம் இல்லை." சொல்லிவிட்டுப் பார்த்தால் அவர் கன்னம் ஈரமாகவே இருந்தது. என்னாலும் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தாம்பாளத்தை அவர் பக்கம் தள்ளினேன். "ஒரே ஒரு தடவை, நீங்க உருட்டுங்க. தண்ணிக்குள்ள அவ கைக்கு ஒரு கயிறு கிடைச்சுதான்னு பார்ப்போம். ஒண்ணு மட்டும் விழாம இருந்தாப் போதும்."

அவர் பகடையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியம்மாவும் சின்னம்மாவும் கையைக் கூப்பினார்கள். என்ன கூட்டம் என்று பார்க்கக் கடையை விட்டுவிட்டு மேலே வந்த ஷாகுல் வாய்க்குள் ஏதோ ஓதினான். ஒரு பொம்மைப் பகடைக்காக அந்த மாடியில் நடந்த பிரார்த்தனைக்கு, இருபதே விழுந்திருக்க வேண்டும்.

டங்.

ஒன்று.

அவர் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவ தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி, அந்த அம்மாவுக்கு யாரு போய்ச் சொல்றது?"

"எந்த அம்மா?" என்றான் முரளி.

"கருவாட்டுக்கார அம்மா. பெத்தவளுக்குச் சொல்லாம எப்படி இருக்கறது? நான் போறேன். அந்த ஊருக்கு எப்படிப் போகணும் தம்பி?"

கருமுனைக்குப் போகும் வழியைச் சொன்னேன். அவர் போனார். வழியில் எந்தக் கடையிலும் வரிசையில் நிற்கவில்லை. மேசையின் ஒரு பக்கத்தில் அவர். மறுபக்கத்தில் நான், கருவாடு காயவைக்கும் அம்மாவாக. செந்தமிழ் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "யாரும்மா நீ?" என்று மட்டும் கேட்டேன்.

"உம் பொண்ணைத் தெரியும். ரொம்ப நல்ல பொண்ணு. எங்க வீட்டுக்கு வருவான்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தார் அவர். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. ஷாகுல் அண்டாக்களின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். என் உலகத்துக்குள் உண்மையாக ஒரு மனிதர் வந்து போனது அந்த ஒரு தடவைதான்.

ஆறிப்போன முர்தபாவை எல்லாரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். மூவரும் எழுந்தார்கள். எதுவும் சொல்லாமல் படியிறங்கினார்கள். துக்க வீட்டிலிருந்து அப்படித்தான் போக வேண்டும். எல்லாம் முடிந்தது, தேவிகாவும் இனி எனக்கில்லை என்று நான் நாற்காலியில் சரிந்தேன். கடைசிப் படியில் செருப்புச் சத்தம் நின்றது. முரளியின் அம்மா மேலே நிமிர்ந்து பார்த்து, "போயிட்டு வரேன் தம்பி" என்றார்.

நான் ஓடிப்போய், "வாங்கம்மா" என்றேன். இந்த முறை சரியான இடத்தில் சொன்னேன்.

அன்று மாலையே தேவிகா வீட்டில் பேசினாள். "நான் அழுதுக்கிட்டுக் கேட்டப்பவும் எங்கிட்ட ஒரு பொய் சொல்ல சரவணனுக்கு வாய் வரலை. உங்கிட்டயும் சொல்ல மாட்டான். பண்ணிக்கோ" என்றாராம் அம்மா. கல்யாணத்தன்று தேவிகா கட்டியிருந்தது அந்தப் பச்சைப் புடவைதான்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டாமா? முடியவில்லை. இன்றைக்கும் புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் மாமியார் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "இவர்தான் என் மாப்பிள்ளை. என் மருமகளைக் கொன்னவரு." வந்தவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிடுவார். மாதாமாதம் அர்ச்சனையும் நிற்கவில்லை. கேட்டை நட்சத்திரத்துக்கு வரும் விபூதியை என் நெற்றியில்தான் பூசுகிறார், பாவம் தீர வேண்டுமாம். முரளி இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால், என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஞ்சலையை மறக்க முடியலை" என்கிறான். அவனுக்கு அனுதாபமும் கூடுதலாக ஒரு அப்பளமும் கிடைக்கின்றன.

நானும் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்கிறேன். முதல் ஒன்றை உருட்டியது முரளி. சரி, இரண்டாவது ஒன்றை உருட்டியது யார் கை? அதைக் கேட்டதும் மாமியார் கரண்டியை எடுத்துக்கொண்டு என் பக்கம் வருகிறார். "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்தட்டுமா?"